மவுன்டன் பைக் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்து வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

இன்றைய மவுன்டன் பைக்கில் (மலைப்பாதைச் சைக்கிள்) வருகிற தொந்தரவுகளில் பெரும்பாலானவை ஏதாவது உடைந்து வருவதில்லை. இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ ஒன்று இருப்பதால் வருகின்றன. செயினுக்கு விட்ட எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் தெறித்திருக்கும். கழுவிய தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்திருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் ஓரத்தில் மண் அடைந்திருக்கும். அதனால் என்ன அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை வண்டியைச் சுத்தம் செய்வதுதான். அழுக்கு வண்டியில் கோளாறு தேடினால் கண்ணில் படுவதெல்லாம் கோளாறாகத்தான் தெரியும்.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். நாலு போல்ட்டை முறுக்கி, கேபிளையும் இறுக்கி, எண்ணெயும் விட்ட பிறகு சத்தம் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. மறுபடி அதே சத்தம் வரும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நல்ல ஆலன் கீ செட், நட்சத்திரத் தலை போல்ட்டுக்கான டார்க்ஸ் கீ, செயின் தேய்மானம் பார்க்கும் அளவி, சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் பம்ப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இவற்றோடு போல்ட்டை அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். கார்பன் ஹேண்டில்பாரையும் சீட் போஸ்ட்டையும் கை உணர்வை நம்பி முறுக்குவது ஆபத்து. எந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) என்று பெரும்பாலும் அந்தப் பாகத்தின் மேலேயே எழுதியிருப்பார்கள்.

கழுவும்போதே பாதி வேலை முடியும்

ஹை பிரஷர் வாட்டர் பம்ப்பை வண்டியிடம் கொண்டுபோகாதீர்கள். ஹப் (சக்கர மையம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுற்றும் இடம்), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடம்), பின்பக்க சஸ்பென்ஷனின் பிவட் (மூட்டு) என எல்லா இடத்திலும் பேரிங்கைக் காப்பது மெல்லிய ரப்பர் சீல்தான். மேலிருந்து விழும் மழையை அது தாங்கும், பக்கவாட்டில் பாய்ச்சும் தண்ணீரைத் தாங்காது. உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கரைத்து, சில வாரங்கள் கழித்து கரகரப்பாக வெளியே தெரியும். வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ், குறைந்த வேகத்தில் ஒரு ஹோஸ் போதும்.

செயின், கேசட்டை (பின்சக்கரத்துப் பல் சக்கரத் தொகுதி) முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் சட்டத்துக்கு (ஃபிரேம்) வாருங்கள். செயினுக்கு ஒரு பிரஷ், டிஸ்க்குக்கு ஒரு துணி, மற்றதற்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பிரேக் பிரச்சினைகளில் பல வராது.

துடைக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பெயின்ட் உரிந்த கோடு, டயர் பக்கவாட்டில் வெட்டு, ஃபோர்க் குழாயில் நகத்தில் தட்டுப்படுகிற கீறல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் அடியில் ஈரப் பிசுக்கு எல்லாம் கைக்குத்தான் முதலில் தெரியும். சட்டத்தில் விரிசல் மாதிரி ஏதாவது தெரிந்தால், அது பெயின்ட்டில் மட்டும்தானா என்று உறுதியாகிற வரை ஓட்ட வேண்டாம்.

பிரேக் பிடித்தால் கத்துகிறது, வண்டியோ நிற்க மாட்டேன் என்கிறது

நனைந்த பிரேக் முதல் சில பிடிகளுக்குக் கத்துவது இயல்பு. காய்ந்த பிறகும் கத்தினால், அதோடு பிடிமானமும் குறைந்திருந்தால், காலிப்பருக்குள் டிஸ்க்கில் உராயும் பேட்டில் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். செயினுக்கு ஸ்ப்ரே அடித்தது, சட்டத்துக்குப் பாலிஷ் போட்டது, டிஸ்க்கை வெறும் விரலால் தொட்டது, ஏதோ ஒன்று காரணமாக இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் சுத்தமான துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை பக்கம் மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் பேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது சூட்டில் இறுகிப்போனது. சமமான பரப்பின் மேல் உப்புத்தாளை வைத்து, அதில் பேட்டை லேசாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்தால் போதும். ஆனால் கறுத்த திட்டுத்திட்டாக, எண்ணெய் ஊறின மாதிரி இருந்தால் புது பேட் போடுவதுதான் என் முடிவு. அடுப்பில் காட்டுவது, சோப்பில் வேகவைப்பது என்று பலர் சொல்வார்கள். பேட் நுண்துளைகள் உள்ள பொருள். மேலே போனாலும் உள்ளே ஊறினது முழுக்கப் போகாது. இறக்கத்தில் உயிரைக் காக்கிற பாகத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

கழற்றின கையோடு தடிமனையும் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் பேட்டில் உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஸ்ராம் நிறுவனம், பின்தகட்டையும் சேர்த்து 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது. டிஸ்க்குக்கும் எல்லை உண்டு. புதிதாக 1.8 மில்லிமீட்டர் இருக்கும் ஷிமானோ டிஸ்க் 1.5-க்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. குறைந்தபட்சத் தடிமனை பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். ரெசின் பேட் மட்டும் போடச் சொல்லும் குறிப்பு அங்கே இருந்தால், அதில் மெட்டல் பேட் போடக் கூடாது. டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புது பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் மிதமான வேகத்துக்குப் போய், நடை வேகத்துக்கு வரும்வரை சீராக பிரேக் பிடித்து விடுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம், சக்கரம் வழுக்கவும் கூடாது. இப்படி ஒரு 20 தடவை, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாக ஏறினால்தான் பிடிமானம் முழுசாக வரும்.

புது பேட்டும் சில நாளில் எண்ணெயானால், வெளியிலிருந்து வருவதல்ல. காலிப்பரின் பிஸ்டன் சீல் கசிகிறது. காலிப்பரையே கவனிக்க வேண்டும்.

லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

பிரேக் லைனுக்குள் காற்று புகுந்திருக்கிறது. வேகமாக நாலைந்து தடவை அமுக்கினால் கெட்டியாகி, கொஞ்சம் விட்டுப் பிடித்தால் மறுபடி தொளதொளவென்று ஆனால் சந்தேகமே வேண்டாம், பிளீட் செய்ய வேண்டும், அதாவது புதுத் திரவத்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்னால் பேட் தேய்ந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். தேய்ந்த பேட்டும் லீவரை ஹேண்டில்பார் வரை வரவிடும்.

பிளீட் செய்யும்போது ஒன்றில் மட்டும் தவறவே கூடாது: எந்தத் திரவம் என்பது. ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் 5.1, ஆனால் அதே ஸ்ராமின் மேவன், டிபி8 இரண்டுக்கும் மினரல் ஆயில். நிறுவனப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும், முழு பிரேக்கும் போய்விடும். டாட் திரவம் பெயின்ட்டையும் தின்னும். சட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அமுக்கிவிட்டார்களா? பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பதற வேண்டாம். டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டு மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் கூடாது.

சக்கரம் சுற்றும்போது டிஸ்க் உரசுகிறது

முதலில் ஆக்ஸிலைக் கழற்றி, சக்கரத்தைச் சரியாக உட்கார வைத்து மறுபடி முறுக்குங்கள். பல நேரம் இதோடு முடிந்துவிடும். இல்லையென்றால், காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். காலிப்பர் தானாக நடுவுக்கு வரும்.

விடாமல் உரசினால் காலிப்பர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பிஸ்டன் அழுக்கில் சிக்கியிருக்கிறது. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் 'ஷ்ஷ்' என்றால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு காலிப்பரோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரம் வீணாகும்.

கியர் மாறத் தயங்குகிறது, மாறினதும் தானாகத் தாவுகிறது

செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லரில், அது எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். நேற்றுவரை நன்றாக ஓடின வண்டியில் அது தானாக மாறியிருக்க வாய்ப்பு குறைவு. பின்னால் நின்று, டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரமும் கேசட் பல்லுக்கு நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் சாய்ந்திருந்தால், டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. சட்டம் தப்பிக்கட்டும் என்று மென்மையான அலுமினியத்தில் செய்த பாகம் அது. வண்டி வலது பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையும். ஹேங்கர் வளைந்த வண்டியில் கேபிளை எத்தனை திருகினாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும். ஒரு உதிரி ஹேங்கர் கையில் இருப்பது நல்லது. 2019-இல் ஸ்ராம் கொண்டுவந்த யுடிஎச் என்ற பொது வகை ஹேங்கரை இப்போது பல நிறுவனங்கள் தங்கள் சட்டங்களில் பயன்படுத்துவதால், உதிரி தேடுவதும் முன்னைவிடச் சுலபம்.

ஹேங்கர் நேராக இருந்தால் கேபிளுக்கு வாருங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ஷிஃப்டரில் (கியர் மாற்றும் லீவர்) கேபிள் நுழையும் இடத்திலுள்ள பேரல் அட்ஜஸ்டர் என்ற திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று திருப்பி, பெடலைச் சுற்றிப் பாருங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். திருப்பியும் இறங்கும்போது மட்டும் சோம்பல் தெரிந்தால், கேபிள் ஓடும் குழாய்க்குள் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் இழுவையை அந்த உராய்வு தின்றுவிடுகிறது. உள் கேபிளையும் வெளிக் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டுவது கொஞ்ச நாளைக்குத்தான்.

மிகப் பெரிய பல்லுக்கு மட்டும் ஏற மறுக்கிறதா? டெரெய்லரின் மேல் சக்கரத்துக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 12 ஸ்பீடில் (பின்னால் 12 பல் சக்கரம் உள்ளது) இது ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் தெரியும். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், ஒருவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அளப்பதுதான் சரி. எடை ஏறினதும் அந்த இடைவெளி மாறும்.

ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது

தேய்மான அளவியைச் செயினில் விட்டுப் பாருங்கள். 11, 12 ஸ்பீடுக்கு 0.5 சதவீதம் காட்டினால் மாற்ற வேண்டிய நேரம். அளவி இல்லையென்றால் ஸ்கேல் போதும்: புதுச் செயினில் ஒரு ஆணியிலிருந்து (கண்ணிகளைக் கோக்கும் பின்) 24 ஆணி தள்ளி அளந்தால், மையத்திலிருந்து மையத்துக்கு 304.8 மில்லிமீட்டர். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் 0.5 சதவீதம் வந்துவிட்டது. இந்த இடத்தில் செயினை மாற்றினால் கேசட் பிழைக்கும். விட்டுவிட்டால் நீண்ட செயின் கேசட் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும், அப்புறம் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். புதுச் செயின் போட்டதும் வழுக்க ஆரம்பித்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஒரே கியரில் வழுக்கினால் அந்தப் பல். எல்லா கியரிலும், சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றினால், டெரெய்லர் சக்கரத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மடங்காமல் கோணலாக எழும்பும். எல்லா கியரிலும் முன்னறிவிப்பே இல்லாமல் பெடல் 'லபக்' என்று காலடியில் போனால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். கேசட்டைத் தாங்கும் ஃப்ரீஹப்பில் பற்கள் கடிக்கவில்லை. கெட்டியான கிரீஸ் நிறைய வைத்தாலும் இப்படி ஆகும். உள்ளே சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொல்லும் மெல்லிய கிரீஸ் அல்லது எண்ணெயைக் கொஞ்சமாக விடுங்கள்.

செயினுக்கு எண்ணெய் விடும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் செயின் காய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு, அதுவும் கீழ்வரிசையில் உள்பக்கமாக. கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றி ஊறவிட்டு, அப்புறம் துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளித்தகட்டில் மிஞ்சுவது மண்ணைப் பிடித்துவைக்க மட்டுமே உதவும். துடைத்த செயினைக் கட்டைவிரலால் தொட்டால் லேசான ஈரம் தெரியலாம், விரல் கறுக்கக் கூடாது.

எங்கிருந்தோ கிறீச் என்று ஒரு சத்தம்

பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். சட்டம் உள்ளீடற்ற குழாய். சீட்டில் எழும் சத்தம் பெடலில் கேட்கும், ஹெட்செட்டில் எழுவது பாட்டம் பிராக்கெட்டில் கேட்கும். எனவே காதை நம்பாமல், எப்போது வருகிறது என்பதை நம்புங்கள்.

உட்கார்ந்து மிதித்தால் வருகிறது, நின்று மிதித்தால் இல்லை என்றால் சீட்டும் சீட் போஸ்ட்டும். போஸ்ட்டை வெளியே எடுத்து, குழாயின் உள்பக்கத்தையும் துடைத்து, உலோகச் சட்டமும் உலோகப் போஸ்ட்டும் என்றால் கிரீஸ், ஒன்று கார்பனாக இருந்தாலும் கார்பன் பேஸ்ட் தடவி மாட்டுங்கள். சீட்டின் அடிக் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பையும் கழற்றித் துடைக்க மறக்காதீர்கள். தூசி சேருகிற இடம் அது.

மிதிக்கும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் முதலில் பெடலைச் சந்தேகியுங்கள், பாட்டம் பிராக்கெட்டை அல்ல. இடது பெடலின் மரை எதிர்மரை என்பது நினைவிருக்கட்டும். இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி முறுக்குங்கள். அப்புறம் செயின்ரிங் (முன் பல் சக்கரம்) போல்ட்டுகள், கிராங்க் (பெடல் தண்டு) போல்ட். பின்சக்கர ஆக்ஸிலும் ஹேங்கரும்கூட இதே மாதிரி கத்தும். ஹேங்கர் சட்டத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு பல வண்டிகளை அமைதியாக்கியிருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகுதான் பாட்டம் பிராக்கெட். செயினைக் கீழே இறக்கிவிட்டு கிராங்கை விரல் நுனியால் சுற்றுங்கள். கரகரப்பு விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

மிதிக்காமல் குண்டுகுழியில் இறங்கும்போது வந்தால் பின் சஸ்பென்ஷனின் பிவட்டுகள். எல்லாப் பிவட் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். சட்டத் தயாரிப்பாளர் அளவுகளை வெளியிட்டிருப்பார், அதைவிட ஒரு பங்குகூட அதிகம் வேண்டாம். சீட்டைப் பிடித்து வண்டியின் பின்பாகத்தை மெல்லத் தூக்கினால், சக்கரம் எழும்பும் முன் ஒரு 'டக்' தட்டினால் பின் ஷாக்கைப் பூட்டியிருக்கும் இடத்திலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது.

முன்பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் 'டக்' என்கிறது

ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. முன்பிரேக்கை அழுத்தி, இன்னொரு கையின் விரலை ஹெட்செட்டும் சட்டமும் சேருகிற கோட்டில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அங்கே அசைவு விரலில் படும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தின பிறகுதான் மேல்மூடியின் போல்ட்டை முறுக்க வேண்டும். தளர்த்தாமல் முறுக்கினால் ஒன்றும் நடக்காது. ஆட்டம் நின்று, ஹேண்டில் தங்குதடையில்லாமல் திரும்பும் இடத்தில் நிறுத்தி, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து முறுக்குங்கள்.

ஃபோர்க் முரட்டுத்தனமாக இருக்கிறது

காற்றழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். பம்ப்பை மாட்டியதும் அளவு குறைவாகக் காட்டும். கொஞ்சம் காற்று பம்ப்பின் ஹோஸுக்குள் போகிறது, கசிவு இல்லை. நீங்கள் வழக்கமாகப் போடும் உடுப்போடு ஏறி நின்றால், ஃபோர்க் தன் மொத்தப் பயணத்தில் 15 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், பின் ஷாக் 25 முதல் 30. 150 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 30 மில்லிமீட்டர். குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏறி இறங்கினால் கணக்கு கிடைத்துவிடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் கைக்கு வந்தால் ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் (வெளிக்குழாய்கள்) எண்ணெய் வறண்டிருக்கிறது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றச் சொல்கிறது. இதை வீட்டிலேயே செய்யலாம், செய்தும் பார்க்க வேண்டும். ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர் வேலையை மட்டும் அதற்கான கருவி உள்ளவர்களிடம் விடுங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தடிமனாகப் படிந்தாலோ, நகத்தில் மாட்டும் கீறல் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும்.

சீட் மேலே வரச் சோம்பல்படுகிறது

ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் நின்றுபோனால் முதலில் சீட் கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள். அதிகம் முறுக்கினால் உள்குழாய் இறுகிவிடும். அப்புறம் மேல் காலரைக் கழற்றித் துடைத்து மெல்லிய கிரீஸ் போடுங்கள், கேபிள் இழுவையைப் பாருங்கள். சீட் இறங்கிய நிலையில் அதைப் பிடித்து வண்டியைத் தூக்காதீர்கள். பல டிராப்பர்களில் அது உள்ளே காற்றை உறிஞ்சவைக்கும், பிறகு உட்கார்ந்தால் சீட் கொஞ்சம் அமுங்கும்.

டியூப்லெஸ் டயரில் காற்று நிற்பதில்லை

சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்ற ஒலி இல்லையென்றால் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் காய்ந்துவிட்டது. வெயிலையும் ஓட்டத்தையும் பொறுத்து இது இரண்டு மாதத்திலும் நடக்கும், ஆறு மாதமும் தாங்கும். வால்வு கோரை (வால்வின் உள்பாகம்) கழற்றி அந்த வழியாகவே சீலன்ட்டை ஊற்றலாம். கோரில் ரப்பர் அடைத்திருந்தால் புதுசு போடுங்கள். காற்று ஏற மறுப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சீலன்ட் இருந்தும் இறங்கினால், சோப்புத் தண்ணீரை டயர் ஓரம், வால்வு அடி, கம்பிகள் ரிம்மில் நுழையும் இடம் என்று வரிசையாகத் தெளியுங்கள். டயர் ஓரத்தில் குமிழி வந்தால் சக்கரத்தைப் படுக்கவைத்து ஆட்டி சீலன்ட்டை அங்கே போகவிட்டால் போதும். கம்பியின் அடியில் வந்தால் கோளாறு அந்த ஓட்டையில் இல்லை. ரிம்முக்கு மேல் ஒட்டியிருக்கும் ரிம் டேப் வேறு எங்கேயோ கிழிந்து, காற்று ரிம்முக்குள் ஓடி அங்கே வெளியேறுகிறது. டயரைக் கழற்றி, ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, ரிம்மின் உள் அகலத்துக்குப் பொருத்தமான புது டேப்பை இழுத்து ஒட்ட வேண்டும். பழைய டேப்பின் மேல் ஒட்டுப்போட்டால் அடுத்த ஓட்டம் வரைகூடத் தாங்காது.